க்யூ சார்

அவரோடு எங்கேயாவது போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும். முதல் தடவையே எனக்கு இது தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகத் தேர்வுத் தாள் திருத்துவதற்காக எங்கள் கல்லூரியிலிருந்து சிலரைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். பொன்னேரி ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் முன்னால் நீண்ட வரிசை. எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வர அவரை அனுப்பினோம். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வண்டி வரும் சத்தம் கேட்டது. அவர் கவுண்டருக்கு நேர் எதிரே வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் "சொல்லுங்க சார், எத்தினி டிக்கெட்டு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இவர் திரும்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன சார் ஆச்சு?"

"எனக்கு முன்னாடி ஒரு பெரியவரு நின்னாரு மேடம். சில்லறை மாத்தப் போயிருக்காரு. வந்துடுவாரு."

"வண்டி வந்துடுச்சு சார்!"

"தெரியுது மேடம். ஆனா இது அவுரு மொறை."

பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டு ஆற அமர வந்து தன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். வண்டி போய்விட்டது. நான் திட்டினேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். நான் நிறுத்திய பிறகும் உடனே வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று என் முகத்தையே பார்த்தார். இல்லை என்று தெரிந்த பிறகு, "அடுத்த வண்டி காலியா வரும் மேடம். உக்காந்துகினு போலாம்" என்றார். உட்கார்ந்துதான் போனோம். அதற்காக என் கோபம் குறைந்துவிடவில்லை.

விலங்கியல் துறையில் இருந்தார். ஊர் பசியாவரம். காலையில் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்கு வருவார். அங்கிருந்து பஸ் பிடித்து, பொன்னேரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்வார். தனியார் கல்லூரி என்பது போதும், பெயர் வேண்டாம். நான் மீஞ்சூரிலிருந்து போய் வந்த ஆங்கிலத் துறைக்காரி. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் க்யூ சார். அது அவருக்கும் தெரியும். தெரிந்து வருத்தப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

ஸ்டாஃப் ரூமில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். வந்தவர் முடித்ததும், விட்ட சொல்லிலிருந்து மறுபடி தொடங்குவார். அதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். நாங்கள் யாருடைய மகளுக்கோ மாப்பிள்ளை பார்த்த கதையில் இருப்போம். அவர், நண்டுக்கு உடைந்த கால் மறுபடி முளைப்பது எப்படி என்பதைச் சொல்லி முடிப்பார்.

ரொம்பப் பணிவான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் கேன்டீனில் டீக்கு நின்றுகொண்டிருந்தோம். கல்லூரித் தாளாளர் வந்தவர், அது தன் வீட்டுச் சமையலறை என்பதுபோல நேராக முன்னால் போய்க் கையை நீட்டினார். முதலில் நின்றது இவர். "சார், நான் நிக்கிறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. கேன்டீனே அப்படியே நின்றுவிட்டது. தாளாளர் சிரித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். இவர் டீயை வாங்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார்.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்பது பசியாவரத்தில் அவர் கட்டிய புது வீட்டுக்கு நாங்கள் சிலர் போயிருந்தபோது தெரிந்தது. ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான் உண்டு. எல்லாரும் அங்கேயே வலையைக் கொண்டுபோய் நின்றால் வெட்டு குத்துதான். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் வலையை இறக்கக் கூடாது. உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துவிட்டால் அந்தப் பாடு போனது போனதுதான். அடுத்த சுற்று வரும் வரை காத்திருக்க வேண்டும்.

"ஒரு தபா எங்க நைனா பாட்டுல ஒண்ணுமே வுழல மேடம்" என்றார் படகில் வரும்போது. "மறுநாளு அடுத்த ஆளு பாடு. தூக்க முடியாத அளவுக்கு எறா. நைனா கரையில நின்னு பாத்துக்கினே இருந்தாரு."

"வயித்தெரிச்சலா இருந்திருக்குமே சார்?"

"இல்லாம? வூட்டுக்கு வந்து எங்கம்மாவத் திட்டினாரு."

கரையோரமாக ஆழமில்லாத தண்ணீரில் சில பெண்கள் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பை. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் யாரும் யாரோடும் பேசவில்லை. இவர்களுக்கு எந்த நாள் பாடு என்று கேட்டேன்.

"அவங்களுக்குப் பாடு இல்ல மேடம்" என்றார். கொஞ்ச நேரம் துடுப்புப் போடுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டு எழுதினது எங்க ஆளுங்கதான. அவங்க பேர எழுதல."

அவர் வகுப்புக்குள் ஏரியின் சட்டத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார். மூன்றாம் ஆண்டு விலங்கியல், ஆங்கில வழிப் பிரிவு. பருவத்தின் முதல் நாளே சீட்டுப் போட்டு முறை பிரித்துவிடுவார். வகுப்பின் முதல் கால் மணி அன்றைய முறைக்காரருடையது. அந்தப் பையனோ பெண்ணோ பலகை முன் நின்று முந்தின நாள் பாடத்தை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். அவர் பெஞ்சில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவார். முறைக்காரர் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டார். கால் மணி முடிந்ததும் எழுந்து போய்த் தன் பாடத்தை நடத்துவார்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒரு பையனுக்கு முறை வந்த அன்று கடும் ஜுரம், வரவில்லை. மறுநாள் வந்து, நேற்றுப் போனதை இன்றைக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினான். கிடையாது என்றுவிட்டார். ஜுரத்துக்குக்கூடவா என்று நான் சண்டை போட்டேன்.

"பாடு போனா போனதுதான் மேடம்."

"இது ஏரி இல்ல சார், கிளாஸ் ரூம்."

"ஏரில மட்டும் ஜுரம் வராதா மேடம்?"

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது?

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா நான் சொன்ன அந்தப் பெண்களைப்போல ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணின் குரலை யாரும் கேட்டதில்லை. என் ஆங்கில வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். அவளுக்கு முதல் சுற்றில் முறை வந்தபோது பலகை முன் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். "சார், நான் சொல்றேன் சார்" என்று இரண்டு பேர் எழுந்தார்கள். அவர் கையை அசைத்து உட்காரச் சொல்லிவிட்டார். கால் மணியும் அந்த வகுப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அப்புறம் அவர் எழுந்துபோய், "தேங்க் யூ" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாராம். இதை என்னிடம் வந்து புகாராகச் சொன்னது அந்த வகுப்புப் பையன்கள்தான். நேரத்தை வீணாக்குகிறார் மேடம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவரிடம் கேட்டேன்.

"மீனு வுழலன்னு பக்கத்து ஆளு வந்து வலையப் போட்டுடுவானா மேடம்?" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஆங்கில வழிப் பிரிவுகளில் பாடம் நடத்துகிறவர்களுக்கு உண்மையிலேயே ஆங்கிலம் வருகிறதா என்று சோதிப்பது. கேள்வி நியாயமானது, நான் மறுக்க மாட்டேன். எங்கள் கல்லூரியில் ஆங்கில வழி என்றால் நோட்ஸ் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், திட்டு சுத்தத் தமிழில். சென்னையிலிருந்து ஒரு குழு வந்து ஒவ்வொரு வகுப்பிலும் முதல் கால் மணி உட்கார்ந்து கேட்குமாம். ஏ, பி, சி என்று தரம் போடுமாம். சி வாங்கினால் ஆங்கில வழி வகுப்பு கையை விட்டுப் போகும். ஆய்வகப் பொறுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஆசிரியர்களைத் தயார்செய்யும் வேலையை ஆங்கிலத் துறை தலையில், அதாவது என் தலையில், கட்டினார்கள்.

எதற்கெல்லாம் மதிப்பெண் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், தடையில்லாமல் தொடர்ந்து பேசுவது. அவ்வளவுதான். பிள்ளை பாதி ஆங்கிலத்தில் திக்கித் திக்கிக் கேட்கிற கேள்வியைப் புரிந்துகொள்வதற்கு? ஒரு விதமாகச் சொன்னது புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்லத் தெரிவதற்கு? கேட்டுவிட்டுக் காத்திருப்பதற்கு? குழுத் தலைவரிடமே போனில் கேட்டேன். "மேடம், அது கற்பித்தல் திறன். நாங்கள் மொழித்திறனை மட்டும்தான் பார்க்கிறோம்" என்றார். வகுப்புக்குள் இந்த இரண்டையும் எந்தக் கத்தியை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கல்லூரி களேபரமானது. இயற்பியல் சார் திடீரென்று மூக்கால் பேச ஆரம்பித்தார். வணிகவியல் மேடம் ஒரே ஒரு பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு அதையே திரும்பத் திரும்ப நடத்தினார். பிள்ளைகள் அவரோடு சேர்ந்து வாயசைக்கிற அளவுக்கு. இவரைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே இருந்திருக்கக் கூடாது. படித்துப் படித்துச் சேர்த்த ஆங்கிலம். உச்சரிப்பு பசியாவரம்தான், ஆனால் ஒரு வாக்கியம் தப்பாது. அந்தக் குழு அவர் பேச்சைக் கேட்டால் போதும். கேட்க வைப்பதுதான் பாடாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் வரப்போவது முதல் கால் மணி.

"அன்னிக்கு ஒரு நாள் நீங்க முதல்ல பேசிடுங்க சார். பிள்ளைங்க கடைசில பேசட்டும்."

"கடைசில பெல் அடிச்சிடும் மேடம். அல்லாரும் பஸ்ஸுக்குப் பையத் தூக்கிடுவாங்க. நிக்கிறவங்க பேசறத யாரு கேப்பாங்க?"

"அப்ப மறுநாள் குடுங்க."

"மறுநாளு வேற ஒருத்தன் பாடு."

"சி வாங்கினா உங்களுக்குக் கிளாஸே கிடையாது. பாட்டில்ல போட்ட பாம்பையும் தவளையையும் துடைச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான். தெரியுதா?"

"தெரியுது. பாக்கலாம் மேடம்."

பார்க்கலாம் என்றதும் சம்மதித்துவிட்டார் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குழு வந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், கையில் டேப்லெட் வைத்திருந்த ஓர் இளம்பெண். வழிகாட்ட நானும் கூடப் போனேன். விலங்கியல் வகுப்புக்குள் நுழைந்தால், பலகை முன்னால் அந்தப் பெண் நிற்கிறாள். இரண்டாவது சுற்றில் அவள் முறை. இவர் மூன்றாவது பெஞ்சில் இரண்டு பையன்களுக்கு நடுவில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் பலகையில் ஓர் இறால் வரைந்தாள். நன்றாகவே வரைந்தாள். பிறகு திரும்பி, இறால் தோல் உரிப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள். நின்றாள். இன்னொரு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து போகலாம். கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். டேப்லெட்காரி எதை எழுதுவது என்று தெரியாமல் அவரைப் பார்த்தாள். கடைசியில் கோட்டுக்காரர் பெஞ்சைப் பார்த்து, நாங்கள் உங்கள் பேச்சைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம், நீங்கள் வந்து தொடருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் சாக்பீஸை வைக்கப் போனாள்.

அவர் எழுந்தார். "திஸ் இஸ் ஹர் டர்ன், சார். ப்ளீஸ் வெய்ட்" என்றார். அவளைப் பார்த்து, "கோ ஆன்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அவள் தொடர்ந்தாள். தோல் உரித்த இறால் புதுத் தோல் கெட்டியாகும் வரை எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்றாள். கையில் பிடித்தால் அது எப்படித் தெரியும் என்று ஒரு பையன் ஆங்கிலத்தில் கேட்டான். அவள் யோசித்தாள். விரல்களைத் தேய்த்துக் காட்டி, "சாஃப்ட். லைக் வெட் பேப்பர்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு பஸ் போகிற இடைவெளி குறைந்துவிட்டது. இலக்கணம் காலும் கையும் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது. கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள்.

கால் மணி ஆனதும் குழு எழுந்துவிட்டது. அவர் பலகைக்குப் போய்ப் பாடத்தைத் தொடங்கினார், அடைமழைபோல. நான் வராந்தாவில் அவர்கள் பின்னால் ஓடினேன்.

"சார், இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார். அஞ்சு நிமிஷம் நின்னு கேளுங்க. இங்கிருந்தே கேக்குது பாருங்க."

"சாரி மேடம். அடுத்தது கணக்கு வகுப்பு. எங்களுக்காகப் பாடத்த ஆரம்பிக்காம இருக்காங்க. அவங்க நேரத்த நாங்க எடுத்துக்க முடியாது" என்றார் கோட்டுக்காரர்.

பெல் அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தபோது நான் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தேன். அந்தப் பெண் அவர் பின்னாலேயே வந்து, "சார், அடுத்த சுத்து எப்ப வரும்?" என்று கேட்டாள். அவர் விரல் விட்டுப் பார்த்து, பொங்கலுக்கு அப்புறம் என்றார். "அவ்ளோ நாளாவுமா?" என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு அவளைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, அவரைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை.

முடிவு வந்தது. மதிப்பிடப் போதுமான பேச்சு இல்லை, ஆகவே சி. மூக்கால் பேசிய இயற்பியல் சாருக்கு ஏ. வணிகவியல் மேடத்துக்கும் ஏ. நான் முதல்வரிடம் போய்ச் சத்தம் போட்டேன். வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பதில் சொன்னதே, அது யார் ஆங்கிலம் என்று கேட்டேன். முதல்வர் கெட்டவர் இல்லை. தாளாளருக்குப் பயப்படுகிறவர், அவ்வளவுதான். "இன்னொரு சான்ஸ் வாங்கித் தர்றேன். காமிரா முன்னாடி இருபது நிமிஷம் தனியா பேசச் சொல்லுங்க. அதுக்கும் மாட்டேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

இவர் மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். நான் ஏரிக்காரர் மொழியிலேயே கேட்டேன். "உங்களை லேபுக்கு அனுப்பிட்டு அந்தக் கிளாஸ இயற்பியல் சார் மாதிரி ஒருத்தர்கிட்ட குடுப்பாங்க. அப்ப அந்தப் பொண்ணுக்கு அடுத்த சுத்து எங்க சார் வரும்?" நான் முடித்துவிட்டேனா என்று வழக்கம்போல முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "சரி மேடம்" என்றார்.

ஓர் அறையில் பச்சைத் துணி கட்டிக் காமிரா வைத்திருந்தார்கள். "யாரும் இல்லியா மேடம்? யார்கிட்ட பேசறது?" என்றார். அந்தக் காமிராவின் கண்ணாடியைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவோரம் நின்றேன். இத்தனை வருஷத்தில் அவர் யாருக்காகவும் நிறுத்தாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். ஒரு தடங்கல் இல்லை. வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "சுலபம் மேடம். எதுர்ல ஆளே இல்ல" என்றார்.

ஏ வந்தது. கல்லூரியிலேயே அதிக மதிப்பெண் அவருக்குத்தான். நான் பொன்னேரிக் கடைத்தெருவில் மைசூர்பாகு வாங்கி வந்து ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் கொடுத்தேன். அவர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பொங்கலுக்கு அப்புறம் வரப்போகிற சுற்றுக்குச் சீட்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் ஓர் உத்தரவு வந்தது. குழுவின் பரிந்துரையாம். ஆங்கில வழி வகுப்புகளில் ஆசிரியர்தான் பேச வேண்டும். மாணவர்கள் நின்று பேசினால் அவர்களுடைய தப்பு ஆங்கிலம் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். உத்தரவு சரியாக நடக்கிறதா என்று பார்க்க வகுப்புகளில் காமிரா பொருத்தினார்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் இதை எதிர்த்துப் பேசுவதாக அவர் சொன்னார். என்ன பேசப்போகிறார் என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். கல்லும் கரையும், அப்படிப் பேசினார். கூட்டத்தில் முதல்வர், "ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று எதிர்ப்பக்கக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். ஒருவர் பார்க்கிங் பற்றிப் பேசினார். ஒருவர் கேன்டீன் சாம்பார் பற்றி. முதல்வர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கணக்கு மேடம் தன் வகுப்பு மின்விசிறி போடும் சத்தத்தை வர்ணித்துக்கொண்டிருந்தபோது என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், விலங்கியல் சார் ஒரு முக்கியமான விஷயம் பேசணும்."

முதல்வர் நிமிர்ந்தார். "ஆமா, நீங்க சொல்லுங்க சார்." எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கணக்கு மேடம்கூட நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"மேடம் முடிக்கட்டும் சார்" என்றார் அவர். "எனக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

கணக்கு மேடம் முடித்தார். அடுத்தவர் ஆரம்பித்தார். முதல்வருக்குத் தாளாளரிடமிருந்து போன் வந்தது. "மீதிப் பேர் எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கூட்டம் முடிந்தது.

வராந்தாவில் வைத்து அவரைக் கிழித்தேன். "அது உங்க முறையா சார்? பிள்ளைங்க முறைய வாங்கப் போனீங்க. அதுக்கும் க்யூவா? மின்விசிறிக்கு அப்புறமா?" அவர் கேட்டுக்கொண்டார். நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"குறுக்க பூந்து வாங்கினா அதுக்குப் பேரு இன்னா மேடம்?"

"வாங்கினா வாங்கினதுதான் சார்! பேரு எதுக்கு?"

அவர் எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. இரண்டு நாள் பழையபடி முதல் கால் மணியைப் பிள்ளைகளிடம் விட்டுப் பார்த்தார். இரண்டு நாளும் முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியது. மூன்றாம் நாள் நான் அந்தப் பக்கம் போனபோது உள்ளே அவர் குரல் மட்டும் கேட்டது. தடங்கல் இல்லாத ஆங்கிலம். பெல் அடிக்கும் வரை கேட்டது. மறுநாளும் அப்படியே.

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கோட்டுக்காரர் மேல் இருப்பதைவிட அதிகம். கோட்டுக்காரர் யாரோ. இவர் என் மனிதர். கிடைத்த அந்த ஒரு நிமிஷத்தை அவர் கணக்கு மேடத்துக்குக் கொடுத்திருக்க வேண்டாம்.

அந்த ஆண்டோடு நான் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன். கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாலை, பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கூட இரண்டு தோழிகள். மூவரும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை நீட்டினாள். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"சூப்பரா போவுது மேடம்" என்றாள். "சாரு இன்னா இங்கிலீஷ் பேசறாருன்றீங்க! முன்னல்லாம் அந்தக் கிளாஸுன்னாலே பயந்துகினே வருவேன். இப்ப பயமே இல்ல மேடம். நாங்க யாரும் வாயே தொறக்க வேணாம்."